எது சோத்தாங்கைப் பக்கம்?

போன செவ்வாய்க்கிழமை, இங்கே திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். அடிவயிற்றில், இடது பக்கம். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வாய் மட்டும் விழித்திருந்தது... என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே!

காலேஜ் நாளில் குடல்வால் ஆபரேஷனுக்கும் இப்படித்தான் முழித்தபடி படுத்திருந்தேன். அந்தக் கால தியேட்டரில் பேசுகிற உரிமை பெரிய டாக்டருக்கு மட்டும்தான். பேச்சு என்றா சொன்னேன்? கத்தல்! கேட்ட கத்தரி வரக் கொஞ்சம் தாமதமானால் டிரே பறக்கும். நர்ஸ்கள் இருமக்கூடப் பயப்படுவார்கள்.

இப்போது? முதலில் எல்லாரும் அவரவர் பேரையும் வேலையையும் சொன்னார்கள் — கல்யாண வீட்டில் சம்பந்திகளை அறிமுகம் செய்கிற மாதிரி. அடுத்து டாக்டர் என்னிடம் வந்தார். "நீங்களும் சொல்லுங்கண்ணே, எந்தப் பக்கம் ஆபரேஷன்?"

பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "சோத்தாங்கைப் பக்கம் டாக்டர்."

"சரி, ஆரம்பிக்கலாம்" என்று கத்திக்குக் கை நீட்டினார்.

"சார், செத்த நில்லுங்க!"

நர்ஸ் ஜெசிந்தா. நிலக்கோட்டைப் பெண், வேலைக்குப் புதுசு. "குறி போட்டிருக்கது இடது பக்கம். இவரு சோத்தாங்கைங்கிறாரு. அப்டின்னா வலதுல்ல சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படுத்தால் வீக்கம் உள்ளே ஒளிந்துகொள்ளும், பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. கத்தி எந்தப் பக்கம் இறங்கப்போகிறது? அதைவிட, பெரிய டாக்டரை நிறுத்திய இந்தப் பெண் என்ன பாடு படப்போகிறாள்? டிரே பறக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் பறக்கவில்லை. "நல்லவேளை நிறுத்துனீங்க சிஸ்டர். ஸ்கேனை எடுங்க, எல்லாருமே பாத்துருவோம்" என்றார் டாக்டர். ஸ்கேனும் இடது என்றே சொன்னது. "பெறகு ஏண்ணே சோத்தாங்கைன்னீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "நான் பொறந்ததுலேர்ந்து இடது கையாலதான் சோறு திங்கிறேன் டாக்டர்... எங்க வீட்ல எனக்கு அதுதான் சோத்தாங்கை!"

தியேட்டரே சிரித்தது. "பிரியாணியுமாண்ணே?" என்றார் மயக்க ஊசி போட்ட டாக்டர். பிரியாணி மட்டும் என்ன பாவம் செய்தது?

சிரித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து எல்லாம் கேட்டார்கள். 'இடது' என்றேன், சுத்தத் தமிழில். ஜெசிந்தா தலையாட்டிய பிறகுதான் டாக்டர் கத்தியை வாங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா?

நேற்று வந்த பெண் 'நில்லுங்க' என்றால் பெரிய டாக்டர் நிற்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் எனக்கென்ன பயம்? நிம்மதியாகத் தூங்கியே போனேன்.

ஜெசிந்தா இன்னொரு தடவையும் 'நிறுத்துங்க' என்றாராம் — என் குறட்டையை!