வடிவீஸ்வரத்துக்குப் போன மொட்டைக் கடிதம்

கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் அந்த நீள வீட்டில் ஜானவி ஒருத்திதான். வயது ஐம்பத்து நான்கு. காலையில் கல்லூரி அலுவலகத்துக்குப் போவாள். சாயங்காலம் திரும்பி, ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அரிசி களைவாள்.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நிச்சயமானதுதான். இருபத்து மூன்று வயதில், தென்காசி மாப்பிள்ளை. பத்திரிகை அச்சாகி வந்த வாரம் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. பெண்ணுக்கு வலிப்பு நோய் என்று. சுத்தப் பொய். அவர்கள் விசாரிக்கக்கூட இல்லை. பிறகு வந்த வரன்களும் அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நழுவிவிட்டன.

எழுதியது யார் என்று முப்பது வருஷம் தெரியாமலே இருந்தது. எதிர்வீட்டு அம்மிணி மன்னி சாகக் கிடந்தபோதுதான் ஜானவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இவர்தாண்டி எழுதினார். அந்தப் பையன் இவர் தங்கையை வேண்டாம்னுட்டு உன்னைச் சரின்னானோல்லியோ, பொறுக்கலை. தபால்பெட்டியிலே கொண்டு போட்டது நான்."

இவர் என்றால் மன்னியின் கணவர் சுந்தரராமன். ஜானவி தினமும் அண்ணா என்று கூப்பிடும் மனிதர். மன்னியின் காரியங்கள் முடியும்வரை அந்த வீட்டுக்கு அவளே சமைத்துப் போட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவர் மகள் திவ்யலட்சுமிக்கு நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் வரன் குதிர்ந்தது. திவ்யா முதலில் ஓடிவந்து சொன்னது ஜானவியிடம்.

"சித்தி, புடவை எடுக்க நீங்கதான் வரணும், கேட்டேளா?"

மறுநாள் ஜானவி இடது கையால் அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு நாலு வரி எழுதினாள், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று. திவ்யாவுக்கு நாலு வயதில் கடும் காய்ச்சலில் வலிப்பு வந்தது நிஜம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவளே ஜானவிதான். காய்ச்சல் என்பதை மட்டும் எழுதாமல் விட்டாள். பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தத்தைக் கேட்டபடியே கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

பத்தாம் நாள் சம்பந்தம் முறிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுந்தரராமன் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஜானு, உன் கல்யாணத்தை முடக்கினது நானாக்கும். பொய் எழுதினேன். இப்போ எவனோ என் குழந்தைக்கு எழுதிட்டான். பகவான் திருப்பித் தந்துட்டார். என்னை நீ க்ஷமிக்கணும்."

அவர் தோள் குலுங்கியது. இதைப் பார்க்கத்தானே எழுதினாள்? ஆனாலும் நெஞ்சில் ஒன்றும் குளிரவில்லை. நான்தான் எழுதினேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"போகட்டும் அண்ணா" என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டு நாகர்கோவில் பஸ் ஏறினாள். தான் எழுதியதையும், அது வெறும் காய்ச்சல் வலிப்பு என்பதையும் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாள் மரியாதையாகக் காப்பி கொடுத்தாள்.

"முதல்லே இருக்குன்னு லெட்டர். இப்போ இல்லைன்னு நீங்களே வரேள். நாங்க எதை நம்பறது, சொல்லுங்கோ?"

திரும்பி வந்ததும் திவ்யாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். திவ்யா அழவில்லை.

"சின்னதிலே உங்க மடியிலே உக்காந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடின கதையைச் சொல்லு சொல்லுன்னு கேப்பேனே சித்தி. அதை எடுத்தா எழுதினேள்?"

வாசல்வரை போன திவ்யா நின்றாள்.

"அப்பாகிட்டே சொல்லமாட்டேன். நான் போயிட்டா அவருக்குப் பேச உங்களை விட்டா யாரு இருக்கா?"

அடுத்த மாதம் அவள் புனேயில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது சுந்தரராமன் தினமும் சாயங்காலம் கோயிலிலிருந்து வரும்போது ஜானவி வீட்டு வாசலில் நிற்கிறார். பிரசாதம் பொதிந்த வாழையிலையை நீட்டுகிறார். மன்னித்துவிட்ட மனுஷி என்று தெருவெல்லாம் அவளைப் பற்றிச் சொல்கிறார்.

"திவ்யா போன்லே உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கமாட்டேங்கறாளே ஜானு. உங்களுக்குள்ளே பிணக்கமா?"

"வேலைத் திரக்கா இருக்கும் அண்ணா, நேரம் கிடைச்சிருக்காது."

அவர் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போகிறார். அங்கே ஒரு விளக்கு எரிகிறது. ஜானவி இலையை மேஜைமேல் வைத்துவிட்டு, பிரிக்காமல் அதன் முன்னே உட்கார்ந்திருக்கிறாள்.