கழுவிக் கவிழ்த்த கோப்பை

ஜார்ஜ்டவுனில் நான் அறை சுத்தம் செய்யும் ஹோட்டலில் எஸ்தோனியா நாட்டு மூதாட்டி ஒருவர் இரண்டு வாரம் தங்கினார். வெளுத்த புருவம், நடுங்கும் விரல்கள். தினமும் நான் போவதற்குள் படுக்கையைச் சுருக்கமின்றி விரித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்துக் கடல் தாண்டி வந்து பதினாறு அறை பார்ப்பவளுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“இது என் வேலை லா மேடம், நீங்க ஏன் செய்றீங்க?”

“எனக்கு ஆறு வயதில் சோவியத் சிப்பாய்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்களைச் சைபீரியாவுக்கு நாடு கடத்துவதாகச் சொல்லி, கிளம்ப ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அம்மா பாத்திரம் கழுவினாள், படுக்கை விரித்தாள். அடுத்துக் குடிவருகிறவர்கள் எங்களை அசிங்கமாக நினைக்கக் கூடாதாம். கம்பளியை எடுக்க மறந்துவிட்டாள்.”

“அப்புறம்?”

“தம்பி முதல் குளிரைத் தாண்டவில்லை.” சொல்லிக்கொண்டே விரிப்பை நீவிவிட்டார்.

அம்மாவின் மேல் அவருக்கு இருந்தது கோபமா, பாசமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்றும் படுக்கை அப்படியே விரித்திருந்தது. அடுத்து வருகிறவருக்காக நான் அந்த விரிப்பை உருவியாக வேண்டும்.

“அக்கா, இன்னும் ஏழு ரூம் இருக்கு லா!” என்று கூட வேலை செய்பவள் வெளியிலிருந்து கத்தினாள்.

கால் கடுத்தது. ஆனால் அந்தக் கட்டிலில் உட்கார மனம் வரவில்லை. விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.