கூட்டி எழுதிய இருபத்தாறு நாள்

டென்மார்க் அரசாங்கம் தமிழரின் குடும்ப விண்ணப்பங்களை அசையாமல் போட்டுவைத்திருந்த காலத்தில் நான் கோப்பன்ஹேகனுக்கு வடக்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்தேன். நான் தங்கியிருந்த ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ், பிறகு ஆயிரத்து நானூறு அடி நடை. மனைவி, மகள், மகன் மூவரையும் யாழ்ப்பாணத்திலிருந்து அழைக்க விண்ணப்பித்திருந்தேன். பதில் வரும் நாளில் பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால்தான் வரலாம். விண்ணப்பித்தபோது பத்திரத்தின்படி மகனுக்குப் பதினாறு வயதும் ஏழு மாதமும்.

புல்தரைக்குப் பொறுப்பான டேனிஷ்காரர் காலையில் கொடிக்குழிகளை இடம் மாற்றுவார். நான் மண் சுமப்பேன். ஏன் பதினெட்டுக் குழி என்று ஒருநாள் கேட்டேன்.

காரணம் ஒன்றுமில்லை என்றார். ஸ்கொட்லாந்தின் பழைய மைதானம் ஒன்றில் இருபத்திரண்டு குழி ஆடிவந்தார்களாம். சில குழிகள் கிட்டக்கிட்ட இருந்ததால் சேர்த்துப் பதினெட்டாக்கினார்களாம். பிறகு எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் ஒல்லாந்தர் உறைந்த நீரின்மேல் கோலால் பந்தடித்தார்கள், மூலம் அதுதான் என்று ஒரு கட்சி. யாழ்ப்பாணக் கோட்டையைப் பெரிதாக்கிக் கட்டியதும் அவர்கள்தான் என்றேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஆதியில் யார் எத்தனை குழி வென்றார் என்று மட்டும் பார்த்தார்களாம். அடிகளைக் கூட்டி அட்டையில் எழுதுவது பின்னால் வந்தது. ஆடியவர் கையொப்பம் வைக்க வேண்டும்.

"குறைத்து எழுதினால் வெளியேற்றுவார்கள். தவறிக் கூட்டி எழுதினால், கூட்டினதுதான் கணக்கு. திருத்த முடியாது."

மகன் பிறந்தது பெப்ரவரி இருபத்திரண்டு. ஜனவரிக்குள் பிறந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முந்திச் சேர்க்கலாம் என்று, ஜனவரி இருபத்தேழு எனப் பதிந்து நானே கையொப்பம் வைத்தேன். எங்கள் ஊரில் பலரும் செய்த காரியம்.

அன்று பின்னேரம் அறையில் உடனிருந்த மன்னார்க்காரனிடம் சொன்னேன்.

"அண்ணை, உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கோவன்."

"எழுதினா மற்றப் பத்திரங்களும் பொய்யெண்டுவாங்கள். மூண்டு பேரும் வரேலாது."

"எழுதாட்டி?"

"அவனுக்குப் பதினெட்டாக முன்னம் பதில் வந்திடும். இன்னும் இருநூற்றிப் பதினாலு நாள் கிடக்கு."

"நீங்கள் எண்ணுறியள் எண்டு அவங்கள் அவசரப்படுவாங்களே?" அவன் சிரித்தான். "சோறு ஆறுது, அதையும் எண்ணிப்போட்டுச் சாப்பிடுங்கோ."

நான் எழுதவில்லை.

பதில் விண்ணப்பித்த ஐந்நூற்றுப் பதினோராம் நாள், பெப்ரவரி ஆறாம் தேதியிட்டு வந்தது. மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி. மகனுக்கு வயது கடந்துவிட்டது. பத்திரத்தின்படி பத்து நாள் அதிகம். பிறந்தபடி பதினாறு நாள் குறைவு. அந்தத் தாமதமே சட்டவிரோதம் என்று பின்னர் விசாரணையில் முடிவாகி அரசாங்கம் பதவி விலகியது. பத்திரத்தில் இருந்த தேதி என்னுடையது.

விமான நிலையக் கதவால் இருவர் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் யாரோ ஒரு வெள்ளைக்காரர். மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வருசம் மிச்சம் பிடிச்சியளே," என்றாள். "சந்தோசமே?"

மகன் தாய்மாமன் வீட்டிலிருந்து பதினொரு கடிதம் எழுதினான். கடைசிக் கடிதத்தில் பெடியன்களைப் பிடிக்கிறார்கள், வெளியே நடமாடப் பயமாக இருக்கிறது என்றிருந்தது. பிறகு மாமனிடமிருந்துதான் ஒன்று வந்தது, அவன் இனி இல்லை என்று. அதை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.