களைப்பைக் கேட்க வந்தவளுக்கு நண்டுக்குழம்பு

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலுள்ள கரம்பொன் கிராமத்து ஞானசவுந்தரிக்கு மார்புப் புற்றுநோய் மாறி இரண்டு வருடமாகிவிட்டது. மருந்தேற்றியபோது கொட்டிய தலைமுடியும் திரும்ப வளர்ந்துவிட்டது. களைப்பு மட்டும் போகவில்லை. முற்றம் கூட்டினால் அன்றைய மிச்ச வேலையெல்லாம் கணவர் பஸ்ரியாம்பிள்ளையின் தலையில். கடலுக்குப் போய்வந்த மனிதர் உலையும் வைப்பதைப் பார்த்து, அவருடைய தங்கை மேரிசுகந்தி வேலிக்கு அப்பால் நின்று, "வருத்தம் மாறீட்டுது, மச்சாளுக்குப் பஞ்சி மாறேல்லை" என்பாள். இந்தச் சோம்பேறிப் பட்டம் சவுந்தரியை நோயைவிட அதிகமாகச் சுட்டது.

அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து கஜானி வரத் தொடங்கினாள். புற்றுநோய் வைத்தியம் முடிந்த பிறகும் களைப்பு ஏன் நீடிக்கிறது என்று ஆராய்கிற பெண். சவுந்தரியின் சொல்லை நம்பக்கூடிய ஒரே ஆள். அவளிடமாவது உண்மையைச் சொன்னாளா? இல்லை. வீட்டுக்கு வந்தவளிடம் களைப்பென்றால் 'எழும்பிப் போ' என்பது போலல்லவா! தீவுச்சனத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது. விடியவே முற்றம் கூட்டி, நல்ல சேலை உடுத்து, நண்டு உடைத்துக் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"களைப்பு எப்பிடி அன்ரி?"

"எனக்கென்ன பிள்ளை, கல்லுமாதிரி இருக்கிறன். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் முழுக் களைப்பையும் நண்டுக்குழம்பில் மறைத்தாள்.

மூன்றாம் முறை கஜானி, "உங்களுக்குக் களைப்பில்லை அன்ரி. இனிக் கரைச்சல்படுத்தேல்லை" என்று விடைபெற்றாள். பஸ் தரிப்பிடத்துக்குப் போனபிறகுதான் குடையைச் சவுந்தரி வீட்டில் விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தால், குசினி நிலத்தில் நண்டுக்கோதுகளுக்குப் பக்கத்தில் நல்ல சேலையோடு சவுந்தரி உறங்கிக்கிடக்கிறாள். பஸ்ரியாம்பிள்ளை சட்டி கழுவுகிறார்.

"நீர் வந்துபோனால் இவ ரெண்டு நாளைக்கு எழும்பமாட்டா, பிள்ளை."

மிச்சக் குழம்புக்குக் கிண்ணத்தோடு வந்த மேரிசுகந்தி, "பட்டப்பகலிலை படுக்கை. பஞ்சிதான், வேறையென்ன" என்றாள்.

"பஞ்சியில்லை அக்கா. வைத்தியத்துக்குப் பிறகு சிலருக்கு வருசக்கணக்கா நிக்கிற களைப்பு. நித்திரை கொண்டாலும் தீராது. ஏனெண்டு இன்னும் முழுசாத் தெரியாது. அதைத் தேடித்தான் நான் வாறனான்."

விழித்துக்கொண்ட சவுந்தரி அழுதாள்.

"இதை இவளுக்கு இன்னொருக்காச் சொல்லும் பிள்ளை" என்றாள், மேரிசுகந்தியைக் காட்டி.

அடுத்த மாதம் கஜானி வந்தபோது முற்றம் கூட்டியிருக்கவில்லை. சவுந்தரி பழைய சட்டையோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தாள், எழும்பவில்லை.

"களைப்பாக் கிடக்கு பிள்ளை. தேத்தண்ணி குசினிக்கை இருக்கு. நீரே ஊத்திக் குடியும்."

பக்கத்தில் இருந்த மேரிசுகந்தி எழும்பிப் போய், மூன்று பேருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தாள்.