மேனேஜர் அப்பாவை 'பாஸ்' என்று கூப்பிட்ட நாள்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட இது கொஞ்சம் கௌரவம். பன்னிரண்டு வயதில், ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை நம்பி, அம்மா கட்டிவைத்த மூட்டைகளையெல்லாம் அவிழ்க்க வைத்தவன் நான்.

அந்தச் சொல் 'பாஸ்'. முதலாளி என்று பள்ளியில் பொருள் சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் மலேசியாவில் எங்கள் ஊரான பாடாங் செராயில் முதலாளி இல்லாத ஆளே கிடையாது. சாப்பாட்டுக் கடையில் அப்பா, "பாஸ், தே தாரிக் ஒண்ணு" என்று ஆற்றிய டீ கேட்பார். கொண்டுவருகிறவர், "இந்தாங்க பாஸ்" என்று வைப்பார். இதில் யார் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எனக்குக் குழம்பும். மோட்டார் பட்டறைச் சீனர் பாஸ், மீன் லோரிக்காரர் பாஸ். சாலையில் நிறுத்தும் போலீஸ்காரரும் பாஸ்தான். அவரிடம் மட்டும் அந்தச் சொல் சற்றுக் குனிந்து போகும். வரிசையில் யாராவது முந்தினால் அப்பா, "ஹலோ பாஸ்!" என்பார். முந்தியவர் பின்னால் போய்விடுவார். வேலை முடிந்து வந்து அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி தண்ணீர் கேட்டால் அம்மா எங்களைப் பார்த்து, "பாஸுக்குத் தண்ணி குடுங்கடா" என்பார். அப்பா எழுந்து தானே எடுத்துக் குடித்துக்கொள்வார்.

அப்பா பாஸ் என்று கூப்பிடாத ஒரே மனிதர், அவர் வேலை பார்த்த எண்ணெய்ப் பனைத் தோட்டத்தின் மேனேஜர். அவர் வெறும் 'சார்'. பாஸ் ஆகும் அளவுக்கு அவர் இன்னும் வளரவில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அந்த ஆண்டு, செம்பனைக் குலை வெட்டி வெட்டி அப்பாவின் கழுத்து பிடித்துக்கொண்டது. கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டார். தோட்டத்து வீடு தோட்டத்து வேலையோடு சேர்ந்தது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கோ ஆறாம் ஆண்டுச் சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. சோதனை எனக்கு, கவலை அம்மாவுக்கு. இப்போது பள்ளி மாற்றினால் பையன் கெட்டான் என்று ராத்திரியும் பகலும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் மட்டும் தவணை கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா ஆபீசுக்குப் போனார். சோதனை எழுதப் போகிறவன் என்று காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். மேனேஜர் இளம் வயதுத் தமிழர்.

"உக்காருங்க பாஸ்," என்றார்.

அப்பா உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

"பையன் சோதனை முடியிற வரைக்கும் விட்டா போதும் சார்."

"புரியுது பாஸ். உங்கள மாதிரி வேலைக்காரங்க கெடைக்கமாட்டாங்க பாஸ். ஆனா ரூல்ஸ் மேல இருந்து வருது. நான் என்னா பாஸ் பண்றது?"

நான் அந்த 'ஆனா'வுக்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு தடவை! கடைசியில் மேனேஜர் எழுந்து, அப்பாவின் கையைக் குலுக்கி, கதவையும் தானே திறந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா, "நீ முன்னால போ" என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். புதுப் பதவி கிடைத்த மனிதர் வாய்க்காலை ஏன் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நிற்கவும் நேரமில்லை, ஓடினேன்.

"ம்மா! மேனேஜரே அப்பாவ பாஸ்னு கூப்புட்டாரு! எந்திரிச்சுக் கதவெல்லாம் தொறந்துவிட்டாரு!"

"வீட்டுக்கு என்னா சொன்னாரு?"

"உங்கள மாதிரி ஆளு கெடைக்காதுன்னு சொன்னாரு."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினார். சட்டி பானைகள் ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்பின. சாமிப் படங்கள் மறுபடியும் ஆணியில் ஏறின. பக்கத்து வீட்டு அக்காளுக்கு ஒரு குவளை சேமியாப் பாயசம் போனது. எனக்கு இரண்டு.

அரை மணி நேரம் கழித்து அப்பா வந்தார். வாசலிலேயே நின்று, ஆணியில் இருந்த படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார். அம்மா முருகன் படத்தைக் கழற்றி, பழைய துண்டில் சுற்றினார். அடி விழும் என்று காத்திருந்தேன். யாருமே அடிக்கவில்லை. அது அடியைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை லோரி வந்தது. அப்பா மேலே ஏறி அலமாரியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. கீழே நின்று கேட்டேன்.

"அப்பறம் எதுக்குப்பா அவரு உங்கள அத்தன தடவ பாஸ்னு கூப்புட்டாரு?"

அப்பா முடிச்சை இறுக்கினார்.

"இல்லேன்னு சொல்லத்தான்."