திரும்ப மறுத்த பைக்

பைக் இன்ஜின் சூடாகிறதே என்று, ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் முன்பக்கத்தில் ஆயில் கூலர் மாட்டினேன். இன்ஜினிலிருந்து அதற்கு ஆயில் போய்வர ரப்பர் ஹோஸ் வேண்டும். பக்கத்து ஊரான வடக்குத்தில் சுரங்க மெஷின்களுக்கு ஹோஸ் செய்யும் கடைக்காரர், "கொஞ்சம் நீளமா வெட்டலாங்க" என்றார். "நான் சொன்ன அளவுல வெட்டுய்யா" என்று கத்தினேன்.

மறுநாள் மனைவியை மைன்ஸில் வேலைக்கு விட அதே பைக்கில் கிளம்பினேன். லேட்டானால் கேட்டில் விடமாட்டார்கள். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. வளைவில் நீளம் போதாமல் ஹோஸ் இழுத்துப் பிடித்தது, ஹேண்டில் திரும்பவில்லை. ரோட்டோரம் விற்க வைத்திருந்த பலாப்பழக் குவியலில் போய் மோதினோம்.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் சண்டைக்கு வாயைத் திறந்தேன். பழக்காரம்மா, "பழம் வாங்க இப்டியாப்பா வருவ? அடிகிடி பட்டுச்சா?" என்று என் வாயில் ஒரு சுளையைத் திணித்துவிட்டு, அந்த வழியாக வந்த மைன்ஸ் வேனை மறித்து மனைவியை ஏற்றிவிட்டார்.

"சாயந்திரம் திரும்புற வண்டியா பாத்து எடுத்துக்கினு வாங்க!" என்றாள் மனைவி. வேனே சிரித்தது. நானும்தான்.

இப்போதெல்லாம் யாரையாவது திட்ட வாயைத் திறந்தால் பலாச்சுளைதான் இனிக்கிறது. பாதித் திட்டு உள்ளேயே போய்விடுகிறது.