உயிலின் அடியில் ஒரு புள்ளடி

போன ஞாயிறு சம்பந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. சம்பந்தி என்றால் என் மகள் வதனியின் மாமனார், ராபர்ட். அமெரிக்காவில் பிறந்து ஆக்லாந்தில் குடியேறியவர்.

பென்ஷன் எடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே வேலை... முதன்முதலில் கப்பலேறி அமெரிக்கா போன முப்பாட்டனைத் தேடுவது. பழைய உயில்கள், தேவாலயப் பதிவுகள், வீட்டு பைபிளில் குறித்துவைத்த பிறப்பு இறப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, எங்கள் பேத்திக்காக ஒரு குடும்பப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்.

ஆளைப் பிடித்தும்விட்டார்! உயிலின் நகலை மேசையில் விரித்தார். பசு மூத்தவனுக்கு. இரும்புச் சட்டி மகளுக்கு. இறகு மெத்தை மனைவிக்கு. அடியில், கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்... பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி.

"எழுதத் தெரியாதவர்" என்றார் ராபர்ட் ஆங்கிலத்தில், மெதுவாக. "இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடுகிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டிப் போய்ப் பிள்ளைகளுக்குப் பசு விட்டுப்போன மனுஷனை நினைத்து என்ன வெட்கம்?

பெண் வீட்டாருக்கும் புத்தகத்தில் இடம் உண்டு. அச்சுக்குப் போகவிருந்த தாள்கட்டில் என் பக்கத்தைப் புரட்டினேன். படத்துக்குக் கீழே, 'படிப்பு: ஏ.எல்.' ஊரில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய பெரிய பரீட்சை! எழுதிக் கொடுத்தது யார்? வேறு யார், வதனிதான்.

"ஆரடி இந்த ஏ.எல். பாஸ் பண்ணினது?"

"அப்பா, சத்தம் போடாதேங்கோ. நாளைக்குப் பிள்ளை வாசிப்பாளெல்லே? அஞ்சாம் வகுப்பு எண்டோ போடுறது?"

"அஞ்சையும் முடிக்கேல்லை. நாலரை எண்டு போடு!"

"உங்களுக்கென்ன விசரே?"

என் கதை உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனை தரம் பீற்றியிருக்கிறேன்! இதே ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் நான் பெட்டி தூக்கிய வேர்ஹவுஸை நானே வாங்கினேன். இன்று அங்கே பட்டதாரிகளுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். இதையெல்லாம் ஏ.எல். எடுத்தவன் செய்தால் அதில் என்ன அதிசயம்? என் பெருமையில் பாதியை அல்லவா மகள் களவெடுத்துவிட்டாள்!

பேனையை எடுத்தேன். ஏ.எல்.லை வெட்டினேன். 'நாலரை வகுப்பு' என்று தமிழிலேயே எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளடியும் போட்டேன்.

"ராபர்ட், உங்கள் முப்பாட்டன் வந்தால் நானும் வருகிறேன். இல்லையென்றால் என் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள்."

அவர் என் புள்ளடியைப் பார்த்தார். உயிலைப் பார்த்தார். பிறகு அந்த நகலை எடுத்துத் தாள்கட்டின் மேலே வைத்தார்.

வதனி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. போகட்டும்... படிக்காத இரண்டு பேரைப் பற்றி வாசிக்கவாவது பேத்தி பள்ளிக்கூடம் போகட்டும்!